விசாரணை முடிந்து மாற்றிக்கொள்ளலாம்

பிப்ரவரி 3, சனி

கம்ப்யூட்டர் இன்று மூன்றாவது அழுத்தலில்தான் எழுந்தது. போன வாரம் வரை இரண்டு. பொத்தானை அழுத்தினால் உள்ளே மின்விசிறி ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது, வேலைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஆள் மாதிரி. எழுந்த பிறகும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம்.

வக்கீல் ரேணுகா சென்னையிலிருந்து பேசினார். 27ஆம் தேதி தீர்ப்பாயத்தில் விசாரணை. சாயப்பட்டறை ஓடையில் கழிவுத் தண்ணீர் விட ஆரம்பித்ததிலிருந்து நான் மீட்டர் வைத்து அளந்துவரும் உப்பின் அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று, நாற்பத்தொரு கிணற்றுக்கும், ஒன்பது வருடத்துக்கும், மாதம் மாதமாக வேண்டுமாம். "மெயில்ல அனுப்பிடுங்கம்மா, நானே பிரிண்ட் எடுத்துக்கறேன்" என்றார். முடியாது என்றேன். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நானே மடியில் வைத்துக் கொண்டுவருவேன்.

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவியவள் நான். எதை யாரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பிரிண்டரைப் போட்டேன். கம்ப்யூட்டர் அணைந்து தானே மறுபடி எழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது. ஒரு பக்கம்கூட வரவில்லை.

இவர், என் வீட்டுக்காரர், பின்னால் வந்து நின்று, "துளசி, ஆள் கூட்டிட்டு வந்து காட்டீறலாமே" என்றார். ஒன்பது வருடமாக எதற்கும் வாய் திறக்காத மனிதர். பட்டறைக்காரன் ஆள் அனுப்பி நஷ்டஈடு பேசியபோது "நீ பாத்துக்க" என்றவர். தென்னை ஒவ்வொன்றாகக் குருத்துக் கருகி நின்றபோதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர். இப்போது கம்ப்யூட்டருக்கு யோசனை சொல்கிறார்.

பிப்ரவரி 5, திங்கள்

டவுனிலிருந்து ஜமால் வந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், நாற்பது வயதிருக்கும். கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் முகர்ந்து பார்த்தான். ஒரு சின்ன மீட்டரை உள்ளே வைத்து அளந்தான்.

"எஸ்.எம்.பி.எஸ் போயிட்டிருக்குதுங்கக்கா. கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி இது. பன்னண்டு வோல்ட் வரோணும், பதினொண்ணுகூட ஒழுங்கா வர்ல. பிரிண்டரைப் போட்டா இன்னும் எறங்குது. இதுக்குப் பத்து வருசம் ஆச்சு. இன்னைக்கே மாத்தீட்டு அப்பறம் பிரிண்ட் எடுங்க. கடைல இருக்குது, எடுத்தாந்தர்றன்."

"மாத்தாம உட்டா?"

"ஒரு மாசமும் ஓடும். நாளைக்கேயும் போகும். போறப்பச் சும்மாப் போனாச் சரி. டிஸ்க்கையும் சேத்து இழுத்துட்டுப் போச்சுன்னா கஷ்டமுங்க."

விசாரணை முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த ஜமால்தான் பட்டறை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையும் பார்க்கிறான். ஊருக்கே தெரியும். விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் கையில் என் பெட்டியைத் திறந்து கொடுக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 7, புதன்

மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்தது. குடிதண்ணீர் லாரி வரவில்லை, நான்கு குடம் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கினேன்.

ரேணுகா மறுபடி பேசினார். "வேற காப்பியே இல்லையாம்மா? பென் டிரைவ்ல?" இல்லை. மூன்று வருடம் முன்பு அழித்தேன். 2021 பிப்ரவரியில் விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் என் கணக்கு முழுவதும் பட்டறை வக்கீல் கையில் இருந்தது. வரிக்கு வரி பதில் தயாரித்து வந்திருந்தார்கள். யார் கொடுத்தது என்று நான் யோசிக்கவே தேவையில்லை. என்னோடு ஆறு வருடம் கிணறு கிணறாக நடந்தவள் அமராவதி. அவள் மகன் தினகரனுக்கு அந்த மாதம்தான் பட்டறை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

அதே வாரம் பால் சொசைட்டிப் பலகையில் ஒரு பிரதியை நானே ஒட்டியிருந்தேன், எல்லோரும் படிக்கட்டும் என்று. அது வேறு.

அன்றிலிருந்து எல்லாம் ஒரே இடம், இந்தப் பெட்டி. நோட்டில் குறிப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். பழைய நோட்டுகளும் அப்படித்தான் போயின. இதை ரேணுகாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி



சொசைட்டிக் கூட்டம் சீக்கிரம் முடிந்து பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஜமாலின் வண்டி. உள்ளே என் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடக்கிறது. ஒயர்கள் வெளியே. திருகாணிகள் என் சம்படத்து மூடியில். பக்கத்தில் இவர் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் இல்லாத நேரம் பார்த்து வரச்சொல்லியிருக்கிறார்.

ஜமால்தான் முதலில் பேசினான். "அக்கா, ஒரு நிமிசம் இதைப் பாருங்க." பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே விரல் நுனி அளவில் உருளைகள். இரண்டின் தலை உப்பிப் பிசின் கசிந்திருந்தது. "இது வெடிக்கறதுக்கு இருக்குதுங்க. அஞ்சு நிமிசத்துல புதுசை மாட்டீர்றன்."

"பழசை மாட்டு" என்றேன்.

"அக்கா."

"பழசை மாட்டு. மாட்டீட்டு வெளிய போ. எத்தனை பேர்த்துக்கு என்ற கணக்கு வேணும்? எவ்வளவு சொல்லி அனுப்புனாங்க?"

அவன் முகம் மாறியது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "அது என்ற கையால மாட்டுனதா இருக்க வேண்டாமுங்க" என்று சொல்லிப் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நானே மாட்டினேன். எந்த ஒயர் எங்கே என்று அவன் முதல் நாள் அளந்தபோதே பார்த்துவைத்திருந்தேன். நான்கு முறை அழுத்தியதும் ஓடியது. இவரைப் பார்த்து, "பாருங்க, ஓடுதல்ல" என்றேன்.

இவர் டார்ச்சை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "ஓடுது" என்றார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

பிப்ரவரி 10, சனி

இவர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். நானும்.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் நன்றாக ஓடியது. பிரிண்டரைத் தனி ஒயர் இழுத்து அடுத்த அறைப் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. முதல் கிணறு முழுவதும் வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு தாளையும் எடுத்து அடுக்கும்போது ஜமாலையும் இவரையும் மனதுக்குள் எதிரில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கிணறு முடிந்தது.

பத்தாவதில் போய்விட்டது.

பட்டாசு மாதிரிகூட இல்லை. விரல் சொடுக்குகிற அளவுச் சத்தம். அப்புறம் மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை.

பிப்ரவரி 13, செவ்வாய்

தட்டு அறுத்தது. இரண்டு கட்டு. மாட்டுத்தாழி கழுவியது.

பிப்ரவரி 14, புதன்

தட்டு அறுத்தது.

பிப்ரவரி 15, வியாழன்

கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். இவர் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஜமால் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை வெளியில் நின்றேன்.

அவன் டிஸ்க்கைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். அடியில் இருந்த பச்சைத் தகட்டில் ஒரு கருப்புப் புள்ளி, கடுகளவு.

"வோல்ட் ஏறி அடிச்சிருக்குதுங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் இருக்கறாரு, அனுப்பிப் பாக்கலாம். ஒரு மாசம் ஆவும். வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்கக்கா."

அன்றே சொன்னேனே என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லப் பஸ்ஸிலேயே நான்கு பதில் யோசித்து வைத்திருந்தேன். அவன் டீ வரவழைத்துக் கொடுத்தான். அந்த டீயைக் குடித்ததைப் போல ஒரு கஷ்டம் இல்லை.

"பட்டறை ஆபீஸ்து நீதான பாக்கற?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. உரக்கடைதும் நான்தான், ஆஸ்பத்திரிதும் நான்தான். ஒரு எடத்துல ஒரு ஃபைலைத் தொறந்து பாத்தன்னு யாராச்சும் சொல்லீருக்கறாங்களாக்கா?"

யாரும் சொன்னதில்லை. நான் மட்டும்தான் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் போட்ட நோட்டுகளையும். "திட்டறதுக்கு எனக்கு நேரம் இல்லம்மா" என்றார். "பத்து நாள் இருக்கு. உங்களைத் தவிர ஊர்ல யாராவது எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களா?"

யார் எழுதுவார்கள்? இந்த ஊரில் யாருக்கு அக்கறை? ஒன்பது வருடம் நான் கிணற்றுமேட்டில் நின்று எண்ணைச் சொல்லும்போது "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு வெற்றிலை போட்டவர்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மாடு கன்று போடுகிறது என்பவர்கள்.

"அப்ப அவங்ககிட்ட வாக்குமூலமாவது வாங்குங்க. நீங்க மாசாமாசம் வந்து அளந்தீங்கன்னு" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

முதலில் கருப்பணன் தோட்டம். பதினான்காம் கிணறு. ஆள் வரப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாக்குமூலம் என்றதும் தலையைச் சொறிந்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இவ்வளவு யோசனையாண்ணா?"

"அதுக்கில்லம்மிணி. அந்த நெம்பரு எல்லாம் போச்சுங்கற?"

"ஒண்ணுவிடாமப் போச்சு."

"எங்கூட்டு நெம்பரு இருக்குதல்ல" என்றார்.

மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினால் கதவுக்குப் பின்னால் சுவர். மோட்டாரைப் பழுது பார்த்த தேதி, எலக்ட்ரீசியன் போன் நம்பர், அதற்குக் கீழே கரித்துண்டிலும் பேனாவிலும் சுண்ணாம்பிலுமாக என் எண்கள். மாதம், வருடம், உப்பு. 1,900இல் ஆரம்பித்து, 2,400, 3,100. நான் கிணற்றுமேட்டில் சொன்னதை அவர் இங்கே வந்து எழுதியிருக்கிறார்.

"எதுக்குண்ணா எழுதுனீங்க?"

"ரெண்டாயிரத்துக்குள்ள இருந்தா வெங்காயம் வெக்கலாம்னு நீதான சொன்ன. மேல போனாச் சோளம். அதைப் பாத்துத்தான வெள்ளாமை வெக்கறது." கொஞ்சம் நிறுத்தி, "இப்பச் சோளமும் வர்ல" என்றார்.

அந்தச் சுவர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. போன் எடுத்துப் படம் பிடிக்கத் தோன்றவே நேரமாயிற்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

இரண்டு நாளில் பத்தொன்பது தோட்டம். இவர் வண்டி ஓட்டினார், நான் பின்னால். கருப்பணனுடையதோடு சேர்த்து எட்டு மோட்டார் ரூம்களில் சுவரில் இருக்கிறது. ஒரு வீட்டில் காலண்டர்த் தாள்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் பெண் கல்யாணத்துக்கு எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டார். அவரைக் கண்டபடி கேட்டுவிட்டேன். தன் சுவருக்குத் தான் வெள்ளையடித்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது இவர் வண்டியை நிறுத்தி, "போயி ஒரு வார்த்தை சொல்லீட்டு வா" என்றார். போகவில்லை.

பிப்ரவரி 21, புதன்

காலையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு மேலும் ஐந்து. அச்செடுத்த ஒன்பதையும் சேர்த்தால் இருபத்து மூன்று கிணறு. ரேணுகா பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "பட்டறைக்கு ரொம்பக் கிட்ட இருக்கற கிணறு எதும்மா?" என்றார்.

"இருபத்து மூணாம் நெம்பர்."

"அது இதுல இருக்கா?"

இல்லை. கம்ப்யூட்டரிலும் அது 2021 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அமராவதியின் கிணறு அது. அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவைத்தேன். அனுமதி இல்லை என்று எழுதினேன். அனுமதி இல்லாமல் இல்லை. நான் போகவில்லை.

"எல்லாத்தையும் விட அதுதாம்மா முக்கியம்" என்றார் ரேணுகா.

பிப்ரவரி 22, வியாழன்

போனேன். இவர் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு, "நீ மட்டும் போ" என்றார்.

அமராவதி களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னைவிட இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கம்ப்யூட்டர் போச்சு" என்றேன்.

"கேள்விப்பட்டன்."

"உன்ற கிணத்துல தண்ணி எடுத்துப் பாக்கோணும்."

"எதுக்கு, நாந்தான் காட்டிக்குடுத்தவளாச்சே. உப்பள்ளிப் போட்டு வெச்சிருந்தா?"

வெயில் உச்சியில் இருந்தது. அவள் கையிலிருந்த மிளகாயைக் கொட்டிவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. 2021 மார்ச்சிலிருந்து போன மாதம் வரை ஒரு மாதம் விடாமல் தேதி, நேரம், உப்பு. நான் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. கடைசிப் பக்கத்தில் 6,840.

"உப்புப் பாக்கற மீட்டரு?"

"நீ வர்றதை நிறுத்துன மாசமே வாங்குனன். தினகரன்தான் ஆன்லைன்ல போட்டான்."

தினகரன். பட்டறைச் சம்பளத்தில்.

"ஏன் என்றகிட்டச் சொல்லுல?"

"நீ எங்க சொல்ல உட்ட?" அவளுக்கும் குரல் ஏறியது. "சொசைட்டில எல்லாரும் பாக்க மூஞ்சியத் திருப்பீட்டுப் போன. எம்மகனுக்கு வேலை குடுத்தாங்க, போனான். தென்னை செத்துப்போச்சு, வேற என்னத்தத் தின்றது? அதுக்காக நானு எங்கூட்டுத் தண்ணிய நல்ல தண்ணின்னா சொல்லீருவன்?"

என் மீட்டரையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் ஒரே வாளியில் வைத்தோம். அவளுடையது 6,870. என்னுடையது 6,860. மீட்டர்கள் வித்தியாசப்படுவது சகஜம். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

"சென்னைக்கு வந்து சொல்லுவியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தினகரன் வேலை இருக்கிறது.

"எத்தனை மணிக்குப் பஸ்ஸு?" என்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

தீர்ப்பாயம். பட்டறை வக்கீல் சுவர்ப் படங்களைத் தூக்கிக் காட்டி, கரித்துண்டு ஆய்வகம் என்று சிரித்தார். எனக்கு எழுந்து அடித்துவிடலாம் போலிருந்தது. ரேணுகா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கணக்கு எங்கே என்று கேட்டார்கள். எரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் முன்கூட்டியே பிரதி எடுக்கவில்லை என்று கேட்டார்கள். என் தவறு என்று சொன்னேன். அந்த மூன்று எழுத்துச் சொல் வெளியே வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அமராவதியிடம் ஒரே கேள்விதான். யாருக்காக எழுதினீர்கள்?

"யாருக்காகவும் இல்லீங்க. மாடு குடிக்குமா குடிக்காதான்னு தெரியோணுமுங்களே."

பத்துக் கிணறுகளில் இரு தரப்பும் நிற்கப் புதிதாகத் தண்ணீர் எடுத்துச் சோதிக்க உத்தரவு. முதலில் இருபத்து மூன்றாம் கிணறு. ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு இதுவா என்று பஸ்ஸில் ஆத்திரமாக வந்தது. அமராவதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் நகரவில்லை.

மார்ச் 4, திங்கள்

தினகரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சொசைட்டியில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னாலதான" என்றேன்.

"கையெழுத்துப் போட்டது நானு. உன்னால என்ன?" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள். நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மார்ச் 7, வியாழன்

ஜமால் வந்து புது எஸ்.எம்.பி.எஸ், புது டிஸ்க் போட்டான். அவன் திருகாணி கழற்றும்போது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். கோயமுத்தூரிலிருந்து தகவல் வந்ததாம், பழைய டிஸ்க்கில் ஒன்றும் எடுக்க முடியாது. "இந்தப் பெட்டிக்கு அஞ்சு வருசமுங்கக்கா. ஓடிட்டிருந்தாலும் மாத்தீருங்க" என்றான். சரி என்றேன். அன்றைக்குப் பேசியது தப்பு என்றும் சொன்னேன். "அதெல்லாம் உடுங்க" என்று கேபிளைச் சுருட்டினான். இனி ஒவ்வொரு மாதமும் ஒரு பிரதி அவன் கடையில், ஒன்று ரேணுகாவிடம், ஒன்று சொசைட்டியில்.

மத்தியானம் அமராவதி நோட்டோடு வந்தாள். அவள் படிக்க, நான் ஏற்றினேன். இருபத்து மூன்றாம் கிணறு, முப்பத்தைந்து மாதம். இவர் மூன்று டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"இருபத்தொண்ணு மார்ச்சு. நாலாயிரத்தி நூத்திப் பத்து. ஏப்ரலு. நாலாயிரத்தி நூத்தி எழுவது. மே மாசம்."

நிறுத்தச் சொன்னேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். காதில் விழவில்லை என்று நினைத்து அவள் உரக்கப் படித்தாள்.

திரையையும் மாற்றச் சொல்ல வேண்டும் ஜமாலிடம். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது.